சேதி முதலில், சோறு பிறகு

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை எனக்கு ஒத்துப்போனதற்குக் காரணம், அதில் யாரிடமும் பேச வேண்டியதில்லை. மேஜைமேல் தைத்த பனியன்கள் குவிந்து கிடக்கும். ஒவ்வொன்றாக விரித்து, கழுத்து, தோள், கை, கீழ்மடிப்பு என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். தையல் விட்டிருந்தாலோ, துணியில் ஓட்டை இருந்தாலோ, எண்ணெய்க் கறை பட்டிருந்தாலோ, அந்த இடத்தில் சிவப்பாக ஒரு சின்ன அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஓரமாகப் போட்டுவிடலாம். யார் தைத்தது, ஏன் இப்படி என்று கேட்க வேண்டியதில்லை. அம்பே எல்லாவற்றையும் சொல்லிவிடும். பத்தாவது முடித்துக் கல்யாணமாகி வந்தவள், பதினெட்டு வருடம் அப்படியே கழித்தேன்.

எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரிடம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அந்த அம்புதான்.

அவர் பட்டாளத்திலிருந்து சுபேதாராக ஓய்வு பெற்று வந்தவர். ஊரில் எல்லோருக்கும் அவர் மிலிட்டரிக்காரர். அவர் ஜெயித்த புதிதில் எங்கள் வீதிக்காரர்கள் குடிதண்ணீர்க் குழாய் கேட்டு மனுக் கொடுத்தார்கள். மனுக் கொடுத்ததை நாங்கள் மறந்தே போய்விட்டோம். மறந்த பிறகு ஒரு கடிதம் வந்தது. குழாய் போடலாம், மூன்று மாதத்தில் வேலை தொடங்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். மனுவுக்குப் பதில் வந்து அதற்கு முன்னால் நாங்கள் பார்த்ததில்லை. வீதியே அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தது. என் கைக்கு வந்தபோது பார்த்தேன், எங்கள் வீதி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பக்கத்து வீதியின் பெயர் இருந்தது.

"நீதான் கண்டுபுடிச்சே. நீயே போய்ச் சொல்லு" என்றார் என் வீட்டுக்காரர்.

காலை ஆறு மணிக்கு மிலிட்டரிக்காரருடைய அலுவலகம் திறந்துவிடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். போனேன். உள்ளே இருபது பேர் நின்றிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் வாயைத் திறக்க என்னால் ஆகாது. பர்சில் எப்போதும் ஸ்டிக்கர் தாள் ஒன்று இருக்கும். ஒரு அம்பை எடுத்து, தப்பான வீதிப் பெயருக்கு நேராக ஒட்டி, கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

மறுநாள் அவரே அந்தக் கடிதத்தோடு வீதிக்கு வந்துவிட்டார். உயரம் அதிகமில்லை. வெள்ளைச் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே அளவெடுத்தது போல மடித்திருந்தார்.

"இந்த அம்பு ஒட்டுனது யாருங்க?"

வீதியே என் வீட்டைக் காட்டியது. நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"அம்மணி, எங்க ஆபீசுல மூணு பேரு படிச்சும் கண்ணுல படாததக் கண்டுபுடிச்சிருக்கீங்க. எங்ககிட்ட வேலைக்கு வர்றீங்களா?"

"அவ பேசமாட்டாளுங்க" என்றார் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு.

"பேசறதுக்கு எங்ககிட்ட ஆளு ஏகப்பட்டது இருக்குதுங்க. படிக்கறதுக்குத்தான் ஆளில்லை."

இப்படித்தான் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். வரும் மனுக்களைப் படித்து, நோட்டில் பதிந்து, அவர் சொல்லும் பதிலை எழுதுவது என் வேலை. மூன்றரை வருடம் செய்தேன்.

அவருடைய கதையை அவர் ஒரே மூச்சில் சொன்னதில்லை. பதில் எழுதும்போது இடையிடையே ஒவ்வொன்றாக வரும். மானாவாரிக் காட்டை நம்பியிருந்த குடும்பம். மூன்று வருடம் சேர்ந்தாற்போல மழை ஏமாற்றியபோது, கோயம்புத்தூரில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டுப் போய் வரிசையில் நின்றிருக்கிறார். பட்டாளத்தில் அவருக்குக் கிடைத்தது செய்தி அனுப்பும் பிரிவு. துப்பாக்கியைவிட ஹெட்போனைத்தான் அதிகம் தொட்டிருக்கிறார். பனிமலையில், பாலைவனத்தில், இரும்பு மழை பெய்வது போல இரையும் வயர்லெஸ்ஸில் ஒருவர் சொல்வதை இன்னொருவருக்குச் சொல்வதே வேலை.

"சொன்னத அப்படியே சொல்லோணும். யாருக்குச் சொல்லச் சொன்னாங்களோ அவருக்கே சொல்லோணும். அவரு திருப்பிச் சொன்னாத்தான் சேதி போய்ச் சேர்ந்துச்சுன்னு கணக்கு. அம்புட்டுத்தாங்க என்ற உத்தியோகம்" என்பார்.

ஓய்வு பெற்று வந்து தென்னை வைத்தார். அவரைப் போல வந்தவர்களுக்கும், பட்டாளத்தில் இறந்துபோனவர்களின் மனைவிமார்களுக்கும் பென்ஷன் படிவம் நிரப்பிக் கொடுத்தார். அதில் ஊருக்கு அவர்மேல் நம்பிக்கை வந்து ஊராட்சித் தலைவராக்கியது. சட்டமன்றத் தேர்தலில் அவருக்கு சீட் கிடைத்த கதையை அவரே சிரித்துக்கொண்டு சொல்லுவார். கட்சியில் இரண்டு பேர் கேட்டார்களாம். ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர் தேர்தல் வேலை செய்ய மாட்டார். யாருடைய ஆளும் இல்லை என்பதால் மிலிட்டரிக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். சட்டசபையில் பேச ஐந்து நிமிடம் கொடுத்தால் மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார் என்று கட்சிக்காரர்களுக்கு அவர்மேல் வருத்தம்.

அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு மனுவுக்கும் அவர் விசாரித்துப் பதில் எழுதச் சொல்வார். முடியும் என்றால் எப்போது என்று இருக்கும். முடியாது என்றால் ஏன் என்று இருக்கும். முடியாது என்ற கடிதங்களைத் தபாலில் போடக்கூடாது. நேரில் போய்க் கொடுக்க வேண்டும், வாங்கியவர் படித்து, இன்னது என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அதை நோட்டில், 'கொடுத்தாயிற்று, கேட்டாயிற்று' என்று எழுத வேண்டும்.

கட்சியின் ஒன்றியச் செயலாளர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, இல்லைங்கறத யாராச்சும் எழுத்துல குடுப்பாங்களா? நாளைக்கு எதிர்க்கட்சிக்காரன் அதையே மேடையில படிச்சுக் காட்டுவானுங்கோ."

"படிக்கட்டுங்க. அம்மணி கையெழுத்து முத்து முத்தா இருக்குது. தடுமாறாமப் படிப்பான்" என்றார் இவர்.

செயலாளர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்தில் யாரும் யாரிடமும் இல்லை என்று சொல்வது கிடையாது. பெண் கேட்டு வருகிறவர்களிடம்கூட, கோயிலில் பூ கேட்டோம், சாமி உத்தரவு கொடுக்கவில்லை என்றுதான் சொல்லுவோம். பழி சாமியோடு போய்விடும். வந்தவர்களும் காபி குடித்து, மழை பற்றிப் பேசிவிட்டுச் சந்தோஷமாகவே போவார்கள். அப்படிப்பட்ட ஊரில், இல்லை என்று எழுதிய கடிதங்களை மொபெட்டில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

முதலில் சமாளித்தேன். வாசலிலேயே கடிதத்தை நீட்டுவேன். படித்துவிட்டு, "செரிங்க, ஆகாதுங்கறாரு" என்று அவர்கள் சொன்னதும் வண்டியைத் திருப்பிவிடுவேன். அவ்வளவுதான் பேச்சு.

அவிநாசிபாளையத்திலிருந்து உள்ளே பிரியும் பாதையில் இரண்டு கிலோமீட்டர் தள்ளித் தோட்டங்களுக்கு நடுவே பதினைந்து வீடுகள் இருக்கின்றன. அங்கிருந்து ஒரு மனு வந்திருந்தது. மெயின் ரோட்டில் போகும் டவுன் பஸ் காலையிலும் மாலையிலும் ஒரு தடவை ஊருக்குள் வந்து போக வேண்டும். எழுதியிருந்தது என் வயதை ஒட்டிய ஒரு பெண். வீட்டுக்காரர் பல்லடத்தில் விசைத்தறி ஓட்டுகிறார். கல்யாணத்துக்கு முன்னால் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள். பிறகு இருபது வருடம் ஒரு எருமையோடு சரி. நான் இருந்த அதே கம்பெனியில் இப்போது வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் காலையில் ஆளில்லாத பாதையில் தனியாக இரண்டு கிலோமீட்டர் நடக்க அவள் வீட்டில் சம்மதிக்கவில்லை. பஸ் வந்தால் போகலாம். மற்ற வீட்டுப் பெண்கள் ஆறு பேருக்கும் அதே எண்ணம்.

பஸ் வராது. போக்குவரத்து அதிகாரிகள் வந்து அளந்து பார்த்துவிட்டார்கள். பாதி வழியில் வாய்க்கால் ஓரமாக ஒரு வளைவு. அதில் பஸ் திரும்பாது. அகலப்படுத்த வேண்டுமென்றால் நிலம் எடுக்க வேண்டும், பாலத்தை இடித்துக் கட்ட வேண்டும். இவருடைய பதவிக் காலத்தில் நடக்காது. அதைத்தான் எழுதினேன்.

நான் போனபோது உச்சி வெயில். அவள் தொழுவத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"எம்மெல்லே ஆபீசுங்களா? உள்ள வாங்கக்கா. மூஞ்சியப் பாருங்க, செவந்து கெடக்குது. மொதல்ல ஒரு வாய் சாப்புடுங்க."

வேண்டாம் என்றேன். நான் வேண்டாம் என்றால் யார் கேட்கிறார்கள்? அரிசிம்பருப்புச் சாதம் ஆவி பறக்க வந்தது. நடுவில் குழி பறித்து நெய்யை ஊற்றினாள்.

"நம்ம எருமை நெய்யிங்க. கடை நெய்யில்ல."

பக்கத்தில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அந்தக் கம்பெனியில் இருந்தவள் என்று தெரிந்ததும், செக்கிங்கில் இப்போதும் அந்த அம்பு ஸ்டிக்கர்தானா, சூப்பர்வைசர் சத்தம் போடுவாரா, டீ எத்தனை மணிக்கு என்று கேட்டாள். பிறகு கழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இப்பெல்லாம் எல்லாருக்கும் போட்டோ ஒட்டி, பேரு போட்டு, கழுத்துல அட்டை தர்றாங்களாமா? ரேசன் கார்டுல எம்பேரு மூணாவதுங்க. மொதப் பேரா எம்பேரு இருக்கற அட்டை ஒண்ணு மாட்டோணும்னு ஆசைங்க."

நான் கடைசிக் கவளத்தை விழுங்கும்போது கேட்டாள்.

"பஸ்ஸு என்னங்கக்கா ஆச்சு?"

என் விரலில் அவள் நெய் இருந்தது. கடிதம் பையில் இருந்தது.

"ஐயா பாத்துட்டு இருக்காருங்க" என்றேன்.

அலுவலகத்துக்கு வந்து நோட்டில், 'கொடுத்தாயிற்று, கேட்டாயிற்று' என்று முத்து முத்தாக எழுதினேன்.

அடுத்த மாதம் ஒருநாள் அவள் அலுவலகத்துக்கே வந்தாள். அவர் சட்டசபைக்குச் சென்னை போயிருந்தார். கையில் தூக்குப்போசி நிறையத் தயிர்.

"உங்களுக்குத்தாங்கக்கா. இதுதான் கடைசித் தயிரு. எருமையக் குடுத்துப்போட்டேனுங்க."

"ஏனுங்க?"

"காலையில வேலைக்குப் போறவ பால் பீச்சிட்டு நிக்க முடியுங்களா? ஒண்ணாந்தேதி வரச் சொல்லிட்டாங்க. பஸ்ஸு அதுக்குள்ள வந்துருமுங்களா?"

ஒன்றாம் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அவள் முகத்தில் சந்தேகமே இல்லை. தேதியைத் தெரிந்துகொள்ளத்தான் வந்திருந்தாள். நான் தூக்குப்போசியை வாங்கி, தயிரைப் பாத்திரத்தில் மாற்றி, போசியைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். ஐயா ஊரில் இல்லை, வந்ததும் சொல்கிறேன் என்றேன். அவள் போன பிறகு அந்தத் தயிரை என்னால் தொட முடியவில்லை. ஆபீசில் மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு, இந்த மாதிரி கட்டித் தயிர் பார்த்து எத்தனை நாளாயிற்று என்றார்கள்.

இரண்டு நாள் கழித்து அவர் சென்னையிலிருந்து வந்தார். எப்போதும் போல ஆறு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. நோட்டைத் திறந்தேன். அந்த வரிக்கு நேராக ஒரு சிவப்பு அம்பை ஒட்டி அவர் முன்னால் வைத்தேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"இதுல என்னங்க தப்பு?"

பையிலிருந்து கடிதத்தை எடுத்து நோட்டின்மேல் வைத்தேன். ஒரு மூலையில் மஞ்சள் கறை பட்டிருந்தது.

"இது இன்னும் போகலீங்களா?"

"இல்லீங்க."

"ஏனுங்க?"

"சோறு போட்டுட்டாங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு, "என்ன சோறு?" என்றார்.

"அரிசிம்பருப்புங்க."

"நெய் ஊத்துனாங்களா?"

"ஊத்துனாங்க."

"அப்பக் கஷ்டந்தான்."

அதற்குமேல் எனக்கு அழுகை வந்துவிட்டது. எருமையை விற்றதையும், ஒன்றாம் தேதியையும் சொல்லி முடித்தேன். அவர் அதட்டவில்லை. நோட்டை மூடிவிட்டுச் சொன்னார்.

"மேலே பனிமலையில இருக்கறப்ப ஒருத்தனுக்கு லீவு இல்லைன்னு சேதி வந்துச்சு. தங்கச்சி கல்யாணத்துக்குக் கேட்டிருந்தான். மூஞ்சியப் பாத்துட்டு, 'வரும் போல இருக்குது'ன்னு சொல்லிப்போட்டேன். துணிமணியெல்லாம் அடுக்கிப் பெட்டியப் பூட்டி, ரெண்டு நாளு அந்தப் பெட்டிமேலயே உக்காந்திருந்தான். அப்பறம் எங்கிட்ட ஒரு மாசம் பேசல." எழுந்தார். "வாங்க. ரெண்டு பேருமே போலாம்."

ஜீப்பை வளைவுக்கு முன்னாலேயே நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்தார். வளைவைக் காலால் அளந்தார். அவள் வீட்டு வாசலுக்குப் போனதும் படலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். எம்.எல்.ஏ. வந்திருக்கிறார் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். அவள் சொம்புத் தண்ணீரோடு ஓடி வந்தாள்.

"தண்ணி அப்பறங்க. சேதி முதல்ல" என்றார்.

அவள் முகம் மாறியது. அவர் என் பக்கம் கையைக் காட்டினார். "சேதி கொண்டு வந்தவங்க இவங்க. நான் சும்மா கூட வந்தவன்."

எட்டுப் பத்துப் பெண்கள் என்னைப் பார்த்தார்கள். கறை பட்ட அந்தக் கடிதத்தைப் பிரித்துப் படித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமாங்க்கா" என்று யாரோ சொன்னார்கள். மறுபடி முதலிலிருந்து படித்தேன். இந்தப் பதவிக் காலத்தில் பஸ் வராது என்ற வரியையும் படித்து முடித்தேன்.

"என்ன சொன்னாங்கன்னு ஒருக்காத் திருப்பிச் சொல்லுங்க" என்றார் அவர், மெதுவாக.

"பஸ்ஸு வராதுங்க. வளைவுல திரும்பாதுங்க." சொம்பைக் கீழே வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அன்னிக்கே சொல்லியிருந்தா நெய்யவா கொறைச்சிருப்பேன், அக்கா? எருமை இப்ப எந்த ஊருல நிக்குதோ."

"தப்புத்தாங்க" என்றேன். வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

அவள் படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் அங்கிருந்து நகரவும் இல்லை, ஆறுதலாக எதுவும் பேசவும் இல்லை. அந்தச் சும்மா இருந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு அக்கா வாயைத் திறந்தாள்.

"பஸ்ஸுதான திரும்பாது? கோழிப்பண்ணைக்குத் தீவன வண்டி தெனமும் திரும்புதுல்லொ. கம்பெனி வேன் திரும்பாதா?"

"அதென்னமோ கம்பெனி வேன் மெயின் ரோட்டோட போயிருமுங்க" என்றாள் இன்னொருத்தி.

"பத்துப் பேரு ஒட்டுக்கா இருந்தா உள்ள வருவாங்க" என்றேன் நான். கேட்காமலே சொல்லிவிட்டேன். பதினெட்டு வருடம் பார்த்த வழக்கம் அது.

எண்ணினார்கள். ஏழு பேர். எத்தனை தடவை எண்ணினாலும் ஏழு பேர்தான்.

"அந்தப் பண்ணையில வடக்கத்திக்காரங்க இருக்காங்களே, அவங்க ஊட்டுப் பொம்பளைங்க?" என்று கேட்டார் அவர்.

"அவங்க பேசறது நமக்கு எங்கீங்க புரியுது. ரெண்டு வருசமா தலையாட்டிட்டு இருக்கறோம். அவங்களும் ஆட்டறாங்க."

அவர் நேராகப் பண்ணைக்கு நடந்தார். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம். பட்டாளத்து இந்தி வேலியைத் தாண்டிக் கேட்டதும் உள்ளே இருந்த பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார்கள். அவர் கேட்க, அவர்கள் சொல்ல, நடுவில் ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"என்னங்க சொல்றாங்க?"

"மூணு பேரு வர்றாங்களாமா. நீங்க தலைய ஆட்டறதப் பாத்து, தமிழ்ல அப்படித்தான் பேசுவாங்கன்னு நெனச்சிருந்தாங்களாமா."

பத்து ஆயிற்று. ஒன்றியச் செயலாளருக்கு இந்தச் சமாச்சாரம் போனதும், "ஓட்டில்லாதவங்கிட்டப் போயி ஒரு மணி நேரம் பேசியிருக்காரு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில், கம்பெனிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள் ஐயா என்று கேட்டேன். மாட்டேன் என்றுவிட்டார்.

"நான் கேட்டா எம்.எல்.ஏ. கேட்டதாயிரும். ஆகாதுன்னு சொல்ல அவங்களுக்கு வழியில்லாமப் போயிரும். பொறகு நாலு நாளு வேன விட்டுப்போட்டு அஞ்சாம் நாளு நிறுத்துவாங்க. நீங்க கேளுங்க. ஆகாதுன்னா ஆகாதுன்னு வாங்கிட்டு வாங்க."

மறுநாள் பழைய கம்பெனிக்குப் போனேன். மேனேஜர் என்னை உட்காரச் சொன்னார்.

"வாங்க அக்கா. காபி சொல்லட்டுங்களா?"

"காபி அப்பறங்க" என்றேன். நின்றுகொண்டே, யோசித்து வைத்திருந்ததை மூச்சு விடாமல் சொன்னேன். பத்துப் பேர், இன்ன ஊர், இன்ன வளைவு, தீவன வண்டி திரும்புகிறது, முடியுமா முடியாதா.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பதினெட்டு வருசத்துல இப்பத்தாங்க்கா உங்க குரலக் கேக்கறேன்." பிறகு வேன் ஓட்டுகிறவரைக் கூப்பிட்டு விசாரித்தார். "பத்துல மூணு பேரு நின்னுட்டா மெயின் ரோட்டோட போயிருவோம். அதுக்குச் செரின்னா ஒண்ணாந்தேதி வரும்."

சரி என்றேன். அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். அதன் பிறகு காபி குடித்தேன்.

ஒன்றாம் தேதி காலை என் மொபெட்டை வாய்க்கால் வளைவில் நிறுத்திக் காத்திருந்தேன். வேன் வளைவில் ஒரு தடவை பின்னுக்கு வந்து, மறுபடி முன்னுக்குப் போய்த் திரும்பியது. ஊருக்குள் போய்த் திரும்பி வரும்போது ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து, தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள். அவளுக்குப் பின்னால் இருந்த வடக்கத்திப் பெண்ணும் அதே மாதிரி ஆட்டினாள்.

அதற்குப் பிறகு நான் கடிதத்தைக் கொடுக்காமல் எந்த வீட்டிலும் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. திட்டு வாங்கியிருக்கிறேன். ஒரு பெரியவர் கடிதத்தை நாலாகக் கிழித்து என் கையிலேயே கொடுத்தார். ஆனால் படித்துவிட்டுத்தான் கிழித்தார், திருப்பியும் சொன்னார். நோட்டில் அப்படியே எழுதினேன்.

மிலிட்டரிக்காரருடைய ஐந்து வருடம் முடிய வந்தது. மறுபடி சீட் உண்டா என்று ஊரில் பேச்சு. ஒருநாள் காலை, மாவட்டத்தில் பெரிய பொறுப்பில் இருந்த கட்சிக்காரர் ஒருவர் வந்தார். வந்ததும் மழையைக் கேட்டார். தென்னையில் வெள்ளை ஈ எப்படி என்றார். முழங்கால் வலிக்கு ஒரு வைத்தியரைச் சொன்னார். நான் காபி கொண்டுபோய் வைத்தேன். வந்தவர் டம்ளரை எடுக்கப் போனார்.

"சேதியச் சொல்லிப்போட்டுக் குடிங்க. ஆறிப்போனா வேற போட்டுக்கலாம்" என்றார் எங்களவர்.

வந்தவர் கையை இழுத்துக்கொண்டார். "தலைமையில பாத்துட்டு இருக்காங்க..."

"பாத்து முடிச்சுட்டாங்களா?"

"...முடிச்சுட்டாங்க."

"சொல்லுங்க."

"தொகுதி கூட்டணிக்குப் போயிருச்சுங்க."

"இந்தத் தடவ எனக்குச் சீட் இல்ல. சரிதானுங்களா?"

"சரிதாங்க."

"இப்பக் குடிங்க." என் பக்கம் திரும்பினார். "அம்மணி, அவருக்குச் சக்கரை பத்துமான்னு பாருங்க."

வந்தவர் இரண்டு டம்ளர் காபி குடித்தார். போகும்போது, இப்போதுதான் பசியே எடுக்கிறது என்றார்.

எங்களவருக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. அன்று மத்தியானம் சட்டைக் கையை நாலைந்து தடவை பிரித்துப் பிரித்து மடித்தார். அவ்வளவுதான். மறுநாள் ஆறு மணிக்கு நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். முடியாமல் நிற்கும் மனுக்கள் எத்தனை என்று பார்த்தோம். ஒவ்வொருவருக்கும், நான் இனி இந்தப் பதவியில் இருக்க மாட்டேன், உங்கள் மனு இன்ன அலுவலகத்தில் இன்ன நிலையில் இருக்கிறது, அடுத்து வருகிறவரிடம் இதைக் காட்டுங்கள் என்று எழுதச் சொன்னார். எழுதி முடித்து, பதவி முடிகிற நாளுக்குள் இரண்டு பேரும் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஜீப் வேண்டாம் என்று அவரும் ஒரு பழைய மொபெட்டில் வந்தார். முன்னால் அவர், பின்னால் நான்.

வாய்க்கால் வளைவை அகலப்படுத்தச் சொல்லி அவள் பிறகு கொடுத்திருந்த மனுவும் அதில் ஒன்று. அதைக் கடைசிக்கு வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அவள் வீட்டில் இருந்தாள். கம்பெனிக்குப் போகாத நாளிலும் கழுத்தில் அட்டை தொங்கியது. நாங்கள் வண்டியை நிறுத்துவதற்குள் படலுக்கு வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வழியை மறித்து நின்றாள்.

"மொதல்ல சேதியச் சொல்லுங்க. பொறகுதான் ஊட்டுக்குள்ள உடுவேன்."

கடிதத்தை நீட்டினேன். அவள் படித்தாள். "ஐயா இனி வரமாட்டாருங்க. வளைவு இன்னும் ஆகலைங்க. அடுத்து வர்றவங்ககிட்டக் கேக்கோணும்." திருப்பிச் சொல்லிவிட்டு, கடிதத்தை மடித்து அட்டைக்குப் பின்னால் இருந்த உறையில் செருகிக்கொண்டாள். அவரைப் பார்த்து, "சரிதானுங்களா?" என்றாள்.

"சரிதாங்க" என்றார் அவர்.

படலைத் திறந்துவிட்டாள். அரிசிம்பருப்புச் சாதத்தில் குழி பறித்து, முதலில் அவருக்கு, பிறகு எனக்கு நெய்யை ஊற்றினாள்.

"கடை நெய்தாங்க" என்றாள். "எருமை இல்லீங்களே."

நான் நோட்டை மடியில் வைத்து, முதலில் எழுத வேண்டியதை எழுதிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.